சைக்கிள் ஓட்டுபவர் கார் வாங்குவது எப்படி: ஓட்டவும் சுகமாக, ஏற்றவும் வசதியாக

முதல் தடவை நான் காரை வாங்கிய வரிசையே தவறு. ஓட்டிப் பார்த்தேன், ஸ்டீயரிங் சொன்னபடி கேட்டது, அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன். இரண்டு கதவுள்ள கூபே. பின்னிருக்கையை மடக்கினால் சைக்கிள் போய்விடும் என்று கண்ணாலேயே அளந்திருந்தேன். வீட்டில் ஏற்றிப் பார்த்தபோது உள்ளே இடம் இருந்தது, ஆனால் டிக்கியின் வாய் சிறியது. ஹேண்டில்பாரைக் கழற்றாமல் சைக்கிள் நுழையவில்லை. சரி, கூரையில் ரேக் போட்டுக்கொள்ளலாம் என்று விற்றவர் சொன்னதை நம்பி இருந்தேன். கையேட்டைப் புரட்டினால், கூரையில் எந்தச் சுமையும் ஏற்றக் கூடாது என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த மாடலுக்கு டோ பாரும் (இழுவைக்காகக் காரின் பின்னால் பொருத்தும் உருண்டைத் தலைக் கொக்கி) கிடையாது. எட்டு மாதம் கழித்து நஷ்டத்துக்கு விற்றேன்.

இரண்டாவது தடவை வரிசையை மாற்றினேன். முதலில் சைக்கிள், அப்புறம் அதை ஏற்றும் முறை, அதற்கு அப்புறம் வண்டியின் வடிவம், கடைசியில்தான் எந்த வண்டி ஓட்டச் சுகம் என்ற கேள்வி. இந்த வரிசையில் போனால் ஓட்டும் சுகத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பட்டியல் மட்டும்தான் சுருங்கும். அந்தப் படிகளை இங்கே எழுதுகிறேன்.

1. சைக்கிளை அளந்து தாளில் எழுதுங்கள்

வண்டிகளைப் பார்க்கத் தொடங்கும் முன்பே இதைச் செய்யுங்கள். அளவுநாடா இருந்தால் கால் மணி நேர வேலை. ஐந்து அளவுகள் வேண்டும்: முழு நீளம், முன்சக்கரத்தைக் கழற்றிய பின் நீளம், ஹேண்டில்பாரின் அகலம், சீட்டோடு உயரம், சீட்டை எடுத்தபின் உயரம். எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைக்கிளைக் கையில் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

ரோடு பைக் முழுதாக ஏறக்குறைய 1,700 மி.மீ. நீளம் வரும். முன்சக்கரத்தைக் கழற்றினால் 1,400-க்குப் பக்கத்தில் இறங்கும். ஹேண்டில்பார் 400 முதல் 440 மி.மீ. வரை. மலைப்பாதை சைக்கிள் வேறு கணக்கு. 29 அங்குலச் சக்கரத்தோடு 1,850 மி.மீ.யைத் தாண்டும், ஹேண்டில்பார் 760 முதல் 800 வரை போகும். கார் டிக்கிகளில் பெரும்பாலும் இடிப்பது இந்த ஹேண்டில்பார்தான், சைக்கிளின் நீளம் அல்ல. எடையில் ரோடு பைக் 7 முதல் 9 கிலோ, மலைப்பாதை சைக்கிள் 12 முதல் 15 கிலோ, மின்சார சைக்கிள் 20 முதல் 25 கிலோ. எடை எதற்கு என்பது 5-ஆம் படியில் தெரியும்.

அச்சின் அளவையும் குறித்து வையுங்கள். நெம்பைத் திருப்பினால் கழலும் பழைய குவிக் ரிலீஸ் முன்னச்சு 100 மி.மீ. அகலம். இப்போதைய ரோடு பைக்குகளில் 12×100 த்ரூ ஆக்சில் (துளை வழியே செருகித் திருகும் தடித்த அச்சு), மலைப்பாதை சைக்கிள்களில் 15×110 என்று வரும். ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கவையைப் பிடிக்கும் ரேக் எதை வாங்கினாலும் இந்த எண்ணை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

2. எப்படி ஏற்றப்போகிறீர்கள் என்று முடிவெடுங்கள்

மூன்று வழிகள் இருக்கின்றன: காருக்கு உள்ளே, காருக்குப் பின்னால், கூரைமேல். எந்தக் கார் என்பதைவிட இந்த முடிவு பெரியது.

உள்ளே வைப்பதுதான் என் முதல் தேர்வு. நெடுஞ்சாலையில் காற்று தடுக்காது. வளைவில் வண்டி சாயும்போது சைக்கிளைப் பற்றி யோசிக்க வேண்டாம். வழியில் நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வரும்போதும் சைக்கிள் பூட்டிய கதவுக்குள் இருக்கும். மழை, தூசி, எதிலும் படாது. ஓட்டும் சுகத்துக்காகக் கார் வாங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஒன்று அல்லது இரண்டு சைக்கிள், ஒருவர் அல்லது இருவர் பயணம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உள்ளே வைக்க மலிவான ஏற்பாடு ஒன்று உண்டு. டிக்கியின் அகலத்துக்கு ஒரு பலகையை அறுத்து, அதன்மேல் ஃபோர்க் பிடிப்பான்களைத் திருகுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கை அதில் மாட்டினால் சைக்கிள் நின்றபடியே வரும். இரண்டு சைக்கிள் என்றால் ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் மாட்டுங்கள். அப்போது ஹேண்டில்பார்கள் ஒன்றையொன்று இடிக்காது. நிறுத்தி வைக்க உயரம் போதாவிட்டால் சீட்டை உருவ வேண்டிவரும். உருவும் முன் சீட் கம்பியில் டேப் ஒட்டி உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் முழங்காலுக்குச் சரியான உயரத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

படுக்கவைப்பதானால் செயின் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். கீழே போனால் கியர் மாற்றும் பின் டீரெய்லர் வளையும், இருக்கைத் துணியும் கறையாகும். டிஸ்க் பிரேக் சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே சிறு பிளாஸ்டிக் தகட்டைச் செருகிவிடுங்கள். தெரியாமல் பிரேக்கை அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது. எப்படி வைத்தாலும் டிக்கித் தரையில் உள்ள கொக்கிகளோடு வாரால் கட்டுங்கள். திடீர் பிரேக்கில் கட்டாத சைக்கிள் முன்னிருக்கையில் இருப்பவரின் தலைக்குத்தான் வரும்.

மூன்று சைக்கிள், குடும்பத்தோடு பயணம், அல்லது மின்சார சைக்கிள் என்றால் டோ பார்மேல் மாட்டும் ரேக்தான் சரி. 25 கிலோ சைக்கிளை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினால் போதும். சக்கரங்களைத் தாங்கும் தட்டு உள்ள ரேக்கையும், சைக்கிளோடு சாய்த்து டிக்கியைத் திறக்க முடிகிற வகையையும் பாருங்கள்.

இதில் பொறிகள் உண்டு. ஓட்டச் சுகமான கார்களில் சைலன்சர் வாய் அகலமாக, சில நேரம் இரட்டையாக இருக்கும். அதன் வாய்க்கு நேராகச் சைக்கிள் டயரோ கார்பன் ரிம்மோ வந்தால் அந்தச் சூடு அதைக் கெடுத்துவிடும். ரேக்கை மாட்டிய பின் குனிந்து பாருங்கள், அந்தப் பக்கம் ஒரு கை அகலமாவது விலக்கி வையுங்கள். அடுத்தது எண் பலகையும் பின்விளக்குகளும். ரேக் மறைத்தால் பெரும்பாலான நாடுகளில் அது குற்றம். விளக்குப் பலகையோடு வரும் ரேக் வாங்கினால் அதற்கு 7 முள் அல்லது 13 முள் மின் இணைப்பு வேண்டும். காரில் எது, ரேக்கில் எது என்று முன்பே கேட்டு வையுங்கள்.

டிக்கிக் கதவில் வாரால் கட்டும் ரேக் விலை குறைவு. ஆனால் கதவின் மேல்விளிம்பில் ஸ்பாய்லர் (காற்றைத் திருப்பும் நீட்டுத் தகடு) இருந்தாலோ, கதவே பிளாஸ்டிக்காகவோ முழுக் கண்ணாடியாகவோ இருந்தாலோ பெரும்பாலும் பொருந்தாது. ஓட்டச் சுகமான ஹேட்ச்பேக்குகள் பலவற்றில் ஸ்பாய்லர் இருக்கும். ரேக் நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் உங்கள் மாடலும் வருடமும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கூரையைக் கடைசியில் வைக்கிறேன். வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பதால் நெடுஞ்சாலையில் எரிபொருள் நன்றாகவே கூடும். சத்தமும் கூடும். எடை உயரத்தில் இருப்பதால் வளைவில் வண்டியின் குணமே மாறிவிடும். எல்லாவற்றையும்விட, 1.5 மீட்டர் உயரக் கார் சைக்கிளோடு 2.6 மீட்டர் ஆகிவிடுகிறது. பல மூடிய நிறுத்துமிடங்களின் வாயில் 2 மீட்டர்தான். களைத்துத் திரும்பும் நேரத்தில் தலைக்குமேல் சைக்கிள் இருப்பது மறந்துபோகும். கூரைதான் ஒரே வழி என்றால் ஏற்றும்போதே மொத்த உயரத்தை எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டுங்கள். சைக்கிளை இறக்கிய பிறகுதான் அந்தத் தாளை எடுக்க வேண்டும்.

கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஃபிரேமின் குழாயை இறுக்கிப் பிடிக்கும் எந்த ரேக்கும் வேண்டாம். சக்கரத்தை அல்லது ஃபோர்க்கைப் பிடிப்பதை வாங்குங்கள்.

3. வண்டியின் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிக்கி எத்தனை லிட்டர் என்று விளம்பரத்தில் போடுவார்கள். அந்த எண்ணை நம்பி இறங்காதீர்கள். ஐரோப்பிய முறையில் 200×100×50 மி.மீ. கட்டைகளை அடுக்கி அளக்கிறார்கள், ஒரு கட்டை ஒரு லிட்டர். மூலை முடுக்கில் எல்லாம் அந்தக் கட்டை போகும். சைக்கிள் போகாது. 500 லிட்டர் செடானில் நுழையாத சைக்கிள் 350 லிட்டர் ஹேட்ச்பேக்கில் சுலபமாகப் போவதற்குக் காரணம், பின்கதவு கூரை வரை திறப்பதுதான்.

நீங்கள் அளக்க வேண்டியவை: டிக்கி வாயின் உயரமும் அகலமும், பின்சக்கர வளைவுகளுக்கு நடுவே உள்ள குறுகிய இடம், இருக்கையை மடக்கியபின் தரையின் நீளம், தரையிலிருந்து கூரை உயரம். மடக்கிய இருக்கை சமதளமாக இருக்கிறதா, படிபோல் எழும்புகிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, ஓட்டுநர் இருக்கையை உங்கள் காலுக்கு ஏற்றபடி வைத்துவிட்டு நீளத்தை அளங்கள். உயரமானவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். இருக்கையை முழுக்க முன்னே தள்ளி ஏற்றிப் பார்த்துத் திருப்தியாகப் போய்விடுவார்கள், பிறகு ஓட்ட உட்காரும்போது முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும்.

வடிவங்களில் என் கருத்து இது. ஐந்து கதவு ஹேட்ச்பேக்தான் இந்த இரண்டு ஆசைக்கும் நடுவே நன்றாகப் பொருந்துகிறது. வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, மாஸ்டா 3 ஹேட்ச்பேக், ஃபோர்டு ஃபோகஸ் எஸ்டி, சிறியதில் ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி, சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஆகியவை இந்த வகை. இவற்றில் சில இப்போது தயாரிப்பில் இல்லை, பழைய காராகத்தான் கிடைக்கும். நடுத்தர ஹேட்ச்பேக்கில் முன்சக்கரம் கழற்றிய ரோடு பைக் படுத்தபடி போகும். சிறியவற்றில் இரண்டு சக்கரத்தையும் கழற்ற வேண்டிவரலாம்.

இரண்டு சைக்கிளை அடிக்கடி உள்ளேயே வைக்க வேண்டும் என்றால் எஸ்டேட், அதாவது ஸ்டேஷன் வேகன். ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட்டில் இப்போதைய தலைமுறைக்கு இருக்கையை மடக்காமலே 640 லிட்டர். அதன் ஆர்எஸ் வகையில் வேகமான என்ஜினும் வருகிறது. எஸ்டேட் என்றால் ஏறக்குறைய ஹேட்ச்பேக்கின் உயரம், ஏறக்குறைய அதே ஓட்டும் குணம், பின்னால் மட்டும் இடம் அதிகம். உயரமான எஸ்யூவியைவிட இது சைக்கிளுக்கும் உங்களுக்கும் நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஹோண்டா ஜாஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். சில நாடுகளில் அதன் பெயர் ஃபிட். எரிபொருள் தொட்டி முன்னிருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் பின்னிருக்கையின் அடிப்பகுதியை அதன் முதுகுச் சாய்வோடு ஒட்டி மேலே மடக்கலாம். முன்சக்கரம் கழற்றிய சைக்கிளை அந்த இடத்தில் குறுக்கே நிறுத்திவிடலாம், டிக்கி முழுதும் காலியாகவே இருக்கும். ஓட்டுவதில் பரபரப்பு இல்லை, ஆனால் இலகுவான வண்டி, குறுகலான பாதையில் சுறுசுறுப்பாகத் திரும்பும்.

கூபேதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் டொயோட்டா ஜிஆர்86, சுபாரு பிஆர்இசட் இரண்டையும் பாருங்கள். பின்னிருக்கை ஒரே துண்டாக மடங்கும். இரண்டு சக்கரத்தையும் கழற்றினால் ரோடு பைக் போகும். மாஸ்டா எம்எக்ஸ்-5 ஓட்டக் கிடைக்கும் மகிழ்ச்சி தனி, அதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே சைக்கிள் போகாது, துணிக்கூரையில் ரேக் வராது, டிக்கிக் கதவில் கட்டும் ரேக் ஒன்றுதான் வழி. வீட்டில் வேறு கார் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

4. ஓட்டும் சுகம் எதில் இருக்கிறது என்று பாருங்கள்

குதிரைத்திறனைப் பார்த்து மயங்க வேண்டாம். நமக்குச் சைக்கிளில் தெரிந்த விஷயம்தான் இது: எடை குறைந்தால் எல்லாம் சுகம். 1,000 முதல் 1,300 கிலோவுக்குள் இருக்கும் காரில் 110 முதல் 150 குதிரைத்திறன் இருந்தாலே மலைப்பாதையில் சிரித்துக்கொண்டே ஏறலாம். கையால் மாற்றும் கியர் பிடிக்குமென்றால், அது இன்னும் கிடைக்கும் மாடல்களை முதலில் பாருங்கள், எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

இங்கே சைக்கிள்காரர்களுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. நாம் போகும் இடங்களில் கடைசி சில கிலோமீட்டர் மண்பாதையாக இருக்கும். வேகமான வகைகளுக்குப் பெரிய ரிம்மும் மெல்லிய டயரும் போட்டுத் தருகிறார்கள். 205/55 ஆர்16 டயரின் (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம்) பக்கச்சுவர் 113 மி.மீ. உயரம். 225/40 ஆர்18 என்றால் 90 மி.மீ. 235/35 ஆர்19 வெறும் 82. அந்த 20, 30 மி.மீ. ரப்பர்தான் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே இருப்பது. ஒரே காருக்குச் சிறிய ரிம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். டயர் விலையும் குறையும், சவாரியும் மென்மையாகும். ஸ்போர்ட் சஸ்பென்ஷன் என்று கூடுதல் பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது வண்டியை இன்னும் தாழ்த்திவிடும். தரை இடைவெளி 140 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் சுமாரான மண்பாதையைச் சமாளிக்கலாம்.

பின்னால் ரேக்கில் 60 கிலோ தொங்கும்போது சிறிய காரின் முன்பக்கம் லேசாகத் தூக்கும். ஸ்டீயரிங் இலகுவாகிவிடும், முன்விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். விளக்கின் உயரத்தை மாற்றும் திருகு இருக்கிறதா என்று பார்த்து, ஏற்றியதும் ஒரு படி கீழே இறக்குங்கள்.

5. கையேட்டில் இந்த மூன்று எண்களைத் தேடுங்கள்

விற்பவர் வாயால் சொல்வது எதற்கும் எழுத்தில் ஆதாரம் வேண்டும். உரிமையாளர் கையேட்டை முன்பே படிக்கக் கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் கையேட்டை இலவசமாகத் தரவிறக்கவும் தருகின்றன.

முதலாவது, கூரைச் சுமை. 50 முதல் 75 கிலோ வரை இருப்பது வழக்கம். இதில் ரூஃப் பாரும் (கூரைக்குக் குறுக்கே போடும் கம்பிகள்) ரேக்கும் சேர்த்திதான். பார் 6 கிலோ, ரேக் ஒவ்வொன்றும் 4 கிலோ என்று வைத்தால், 14 கிலோவில் மூன்று மலைப்பாதை சைக்கிள் ஏற்றும்போது 6 + 12 + 42 = 60 கிலோ. 75 கிலோ கூரைக்குச் சரி, 50 கிலோ கூரைக்கு ஆகாது. ரேக்குக்கும் தனி வரம்பு உண்டு, ஒரு சைக்கிளுக்கு 17 முதல் 20 கிலோ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். மின்சார சைக்கிளுக்குக் கூரை சரிப்படாததற்கு இதுவே போதும். கண்ணாடிக் கூரை உள்ள வகைக்கு எண் வேறாக இருக்கலாம், அதே வகைக்கான பக்கத்தைப் பாருங்கள்.

இரண்டாவது, டோ பார் உருண்டைமேல் நேராக இறங்கும் எடை. இழுவைத் திறனோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1,500 கிலோ இழுக்கலாம் என்று சொல்லும் காரின் உருண்டை 75 கிலோ மட்டுமே தாங்கக்கூடும். அப்படியானால் 18 கிலோ ரேக், 25 கிலோவில் இரண்டு மின்சார சைக்கிள், மொத்தம் 68. மூன்றாவது சைக்கிளுக்கு இடமே இல்லை. பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் ஒவ்வொன்றிலும் இரண்டரை, மூன்று கிலோ குறையும். டோ பாரில் ஒரு தகடு இருக்கும், அதிலும் இந்த எண் பொறித்திருக்கும். கையேட்டிலும் தகட்டிலும் ரேக்கிலும் உள்ளவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

மூன்றாவது, வண்டியின் மொத்த அனுமதி எடை. நான்கு பேரும் பைகளும் ஏறியபின் மிச்சம் எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள்.

மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் இந்தப் படியை இரண்டு தடவை செய்யுங்கள். சிலவற்றில் கூரைச் சுமைக்கே அனுமதி இல்லை. சிலவற்றில் இழுவைக்கு அனுமதி இல்லாவிட்டாலும் ரேக் மாட்ட மட்டும் அனுமதி இருக்கும்.

6. செலவைக் கூட்டுங்கள்

வண்டி விலையோடு கணக்கு முடியாது. உள்ளே வைப்பதானால் பலகை, பிடிப்பான், வார் அவ்வளவுதான். கூரை என்றால் பார், அந்த மாடலுக்கென்று தனியாக விற்கும் பொருத்தும் கருவி, சைக்கிளுக்கு ஒரு ரேக், பூட்டு. காரை மாற்றினால் பொருத்தும் கருவியை மட்டும் மாற்றினால் போதும், மற்றவை கூடவே வரும். டோ பார்தான் விலை அதிகம்: பார், மின் இணைப்பு, மாட்டும் கூலி, சில கார்களில் கணினியில் பதிவு செய்யும் கூலி, அதற்குமேல் ரேக்.

புதுக் கார் என்றால் டோ பார் தேவையா என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். தொழிற்சாலையிலேயே போட்டு வந்தால் வேலை மிச்சம். பிறகு போட பம்பரைக் கழற்றி வயரிங் இழுக்க வேண்டும். ரேக்கை மட்டும் வண்டி கைக்கு வந்தபிறகு வாங்குங்கள்.

ஓட்டச் சுகமான வகைகளுக்கு இன்சூரன்ஸ், டயர், பிரேக் பேடு எல்லாமே சாதாரண வகையைவிடக் கூட வரும். இரண்டு வகைக்கும் இன்சூரன்ஸ் விலையைக் கேட்டு, ஒரு செட் டயர் விலையையும் கேட்டு, மூன்று வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். எனக்கு அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் நடுத்தர என்ஜின் போதும் என்று புரிந்தது.

7. சைக்கிளோடு போய் ஓட்டிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். போகும் முன்பே விற்பவரிடம் போனில் சொல்லிவிடுங்கள்: சைக்கிளைக் கொண்டுவருகிறேன், ஏற்றிப் பார்க்க வேண்டும். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. வார நாளின் காலை நேரம் நல்லது. கூட்டம் இருக்காது, அவசரப்படுத்த மாட்டார்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பழைய போர்வை ஒன்று, அளவுநாடா, அலன் கீ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏற்றுங்கள். இரண்டு நிமிடத்துக்குள், உதவி இல்லாமல், முதுகு வலிக்காமல் ஏற்ற முடிகிறதா? டிக்கி விளிம்பு உயரமாக இருந்தால் நான்கு மணி நேரம் மிதித்துவிட்டு வரும்போது அது பாரமாக இருக்கும். கதவை மெதுவாக மூடுங்கள், ஹேண்டில்பார் கண்ணாடியில் இடித்தால் கண்ணாடி உடைந்துவிடும். அப்படியே ஓட்டுங்கள். எங்கே கடகட சத்தம், பின்கண்ணாடியில் பார்வை எவ்வளவு மறைகிறது, வளைவில் சைக்கிள் நகர்கிறதா என்றெல்லாம் பாருங்கள். அப்புறம் இறக்கிவைத்துவிட்டு ஆசைதீர ஓட்டுங்கள்.

பழைய கார் என்றால் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். கூரை ஓரத்திலும் டிக்கிக் கதவின் விளிம்பிலும் ரேக் கீறலும் நசுங்கலும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். டோ பார் இருந்தால் அதன் வயரிங்கை யார் போட்டார்கள் என்று கேளுங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் வருடத்தின் 23-ஆம் வாரம் செய்த டயர். நான்கும் வெவ்வேறு வருடமாக இருந்தால் காரணம் கேளுங்கள். வேகமான வகைகளில் என்ஜின் கணினியை மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று நேராகவே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாரண்டியும் இன்சூரன்ஸும் அதில் அடிபடும்.

8. பத்திரங்கள்

பணம் கொடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: பதிவுச் சான்று, அதில் உள்ள சேசிஸ் எண் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போவது, கடன் பாக்கி இல்லை என்ற சான்று, சர்வீஸ் புத்தகம், இரண்டு சாவிகள். டோ பார் இருந்தால் அதன் சான்றிதழும் மாட்டிய ரசீதும் வேண்டும். பதிவுச் சான்றில் அதைச் சேர்க்க வேண்டுமா என்பது ஒவ்வொரு நாட்டிலும் வேறுபடும், பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய குறை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று தயாரிப்பு நிறுவனம் சொல்லிவிடும்.

இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். டோ பார் போட்டால் தெரிவிக்க வேண்டுமா? ரேக்கில் இருக்கும் சைக்கிள் மோதலில் சேதமானால் யார் தருவது? காருக்குள் இருக்கும் சைக்கிள் திருடுபோனால்? கார் இன்சூரன்ஸில் சைக்கிள் தானாகச் சேர்ந்துவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. விலை உயர்ந்த சைக்கிளுக்குத் தனியாக எடுக்க வேண்டியிருக்கும். அதற்குச் சைக்கிள் ரசீதும், ஃபிரேமின் அடியில் பொறித்த எண்ணும், அந்த எண் தெரியும் படமும் வேண்டும்.

9. முதல் வாரம் செய்ய வேண்டியவை

ரூஃப் பாரோ ரேக்கோ மாட்டியிருந்தால் குறிப்பிட்ட இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் திருகுங்கள். முதல் 50 கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி பாருங்கள். பின்னால் ரேக் இருந்தால் ரிவர்ஸ் சென்சார் ஓயாமல் கத்தும், அதை அணைக்கும் பொத்தான் எங்கே என்று கற்றுக்கொள்ளுங்கள். தானாகப் பிரேக் போடும் வசதி பின்பக்கமும் இருந்தால் ரேக்கைத் தடையாக நினைத்து வண்டி நின்றுவிடும், அதையும் அணைக்க வேண்டும்.

வெயிலில் பூட்டிய காருக்குள் சைக்கிளை நாள் முழுதும் விடாதீர்கள். டியூப்லெஸ் டயரில் ஊற்றிய திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும், மின்சார சைக்கிளின் பேட்டரிக்கும் அந்தச் சூடு ஆகாது.

சாவி விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. சவாரிக்குப் போகும்போது காரின் எலக்ட்ரானிக் சாவி உங்கள் சட்டைப் பையில் வியர்வையிலும் மழையிலும் நனையும். ஜிப் உள்ள சிறு நீர்புகாப் பையை வாங்கி அதில் போட்டு, நடுப்பையில் வையுங்கள். அந்தச் சாவிக்குள் இருக்கும் சிறிய இரும்புச் சாவியை ஒரு தடவை வெளியே எடுத்து, கதவைத் திறந்து பழகிக்கொள்ளுங்கள். இரண்டாவது சாவி வீட்டில், எடுத்துக் கொண்டுவரக்கூடிய ஒருவருக்குத் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.